ஏமஸ் அலான்சோ ஸ்டாக்: யேலின் பிட்சர், சிகாகோவின் கோச் – இவரை எங்கே வைப்பது?

பழைய ஸ்கோர்புக்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வரலாறு என்றாலே பேச்சு ஒலிம்பிக் வீரர் ஜிம் தோர்ப்பில் தொடங்கிவிடுகிறது. தோர்ப்புக்கு ஒரு தலைமுறை மூத்தவர் ஏமஸ் அலான்சோ ஸ்டாக். அவரைப் பற்றித் தமிழில் விரிவாகப் பேச ஓர் இடம் வேண்டும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1862 ஆகஸ்ட் 16 அன்று நியூ ஜெர்சியில் வெஸ்ட் ஆரஞ்சில் பிறந்தவர். அப்பா செருப்புத் தைப்பவர், வீட்டில் எட்டுப் பிள்ளைகள். பாதிரியார் ஆகவேண்டும் என்பதுதான் ஸ்டாக்கின் ஆசை. எக்ஸிட்டர் பள்ளியில் படித்துவிட்டு யேலில் சேர்ந்தார். மாணவப் பருவம் முழுக்கக் கையில் காசில்லை. கணப்பு இல்லாத பரண் அறையில் தங்கி, பிஸ்கட்டை வைத்தே நாளை ஓட்டி, உடம்பைக் கெடுத்துக்கொண்டார்.

அந்த உடம்போடுதான் யேலின் பேஸ்பால் அணிக்குப் பந்து வீசினார். அவர் பிட்சர், ஜெசி டான் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்). இந்த ஜோடி இருந்தவரை யேலை அசைக்க மற்ற கல்லூரிகள் திணறின. பிரின்ஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 20 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். நியூயார்க் தொழில்முறை அணி 4,200 டாலர் தருவதாகச் சொன்னது. வேண்டாம் என்றுவிட்டார்.

கால்பந்துக்குள் (இந்த இழை முழுக்க அமெரிக்கக் கால்பந்துதான்) கொஞ்சம் தாமதமாக வந்தார். 1888-ல் யேல் 13 ஆட்டங்களையும் வென்றது. அந்தப் பருவத்தின் மொத்த ஸ்கோர் 698-0. அந்த அணியில் ஸ்டாக் இருந்தார். மறு ஆண்டு, 1889-ல், முதன்முறையாக அறிவிக்கப்பட்ட அகில அமெரிக்க அணியில் (அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களின் பட்டியல்) 'எண்டு' என்ற வரிசை ஓர இடத்தில் அவர் பெயர் வந்தது. அப்போது அவர் யேலில் இறையியல் மாணவர்.

என் கட்சி இதுதான். ஸ்டாக்கின் பெரிய சாதனை எந்த ஆட்ட உத்தியும் இல்லை. கோச் என்பவர் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் என்பதை அவர்தான் நிலைநாட்டினார். அதற்கு முன்னால் யேலில்கூடச் சம்பளக் கோச் கிடையாது. அணியை நடத்தியவர் கேப்டன். யேலின் முன்னாள் ஆட்டக்காரர் வால்டர் கேம்ப் ஒரு கடிகாரக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே யோசனை சொல்வார். பகலில் அவர் வர முடியாதபோது மனைவி பயிற்சியைப் பார்த்துக் குறிப்பெடுத்து வருவார். இப்படிக் கிடந்ததை ஒரு முழுநேரப் பணியாக ஆக்கியவர் ஸ்டாக். உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

வலதுகை வேகம்

நல்ல இழை, அண்ணா. பேஸ்பால் பகுதியில் கொஞ்சம் பின்னணி சேர்க்கிறேன். 20 ஸ்ட்ரைக் அவுட் என்பதை இன்றைய கணக்கில் எடைபோடக் கூடாது.

1880-களில் பிட்சர் மேட்டில் நின்று வீசவில்லை. சமதரையில் கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள் நின்று வீசினார். அதன் முன்கோட்டுக்கும் பேட்டருக்கும் 50 அடிதான். இன்றைய 60 அடி 6 அங்குலம் 1893-ல்தான் வந்தது. தோளுக்கு மேல் கையைத் தூக்கி வீச அனுமதி கிடைத்ததும் 1884-ஐ ஒட்டித்தான். அதாவது ஸ்டாக் வேகமாக வீசத் தொடங்கிய காலமும், வேகமாக வீசலாம் என்று விதி வந்த காலமும் ஒன்று. இந்தப் பக்கம் பார்த்தால் பிட்சருக்குக் கொண்டாட்டம்.

மறுபக்கமும் உண்டு. 1887-க்கு முன்னால் பேட்டர் தனக்கு மேலே வேண்டுமா, கீழே வேண்டுமா என்று கேட்டு வாங்கலாம். 1887-ல் மட்டும் நான்கு ஸ்ட்ரைக் ஆனால்தான் அவுட். ஆண்டுக்கு ஆண்டு விதி மாறும்போது அதே பிட்சர் தொடர்ந்து வென்றார் என்றால், அவருக்கு வேகத்தைத் தாண்டி ஏதோ இருந்திருக்கிறது. கேட்சரின் கையுறை எல்லாம் பேருக்குத்தான் இருந்தது என்பதால், டான் என்ற மனிதருக்குப் பாதிப் புகழைக் கொடுத்தே ஆகவேண்டும்.

கேள்விக்குறி

4,200 டாலரை மறுத்தார் என்பதை எல்லாரும் மெய்சிலிர்த்துச் சொல்கிறார்கள். ஏன் மறுத்தார்?

பழைய ஸ்கோர்புக்

அன்றைய தொழில்முறை பேஸ்பால் அவருக்குப் பிடிக்கவில்லை. மைதானத்தில் மது விற்றார்கள், சுற்றிலும் சூதாட்டம். இறையியல் படிக்கிறவர் அங்கே போய் நிற்க விரும்பவில்லை. யேல் மேல் இருந்த விசுவாசமும் ஒரு காரணம். பணத்தின் அளவு தெரிய இன்னொரு கணக்கு: 1892-ல் யேலில் அவரோடு ஆடிய பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கர் பிட்ஸ்பர்க்கில் ஒரே ஒரு ஆட்டத்துக்கு 500 டாலர் வாங்கினார். கால்பந்தில் ஆட்டக் கூலி வாங்கியதாகப் பதிவுள்ள முதல் ஆள் அவர். ஒரே அணியிலிருந்து இரண்டு பேர், இரண்டு பாதைகள்.

பி.டி. வாத்தியார்

எல்லாருக்கும் வணக்கம். யேலில் இருந்து நேரே சிகாகோவுக்குத் தாவ வேண்டாம். நடுவில் இருக்கும் இரண்டு ஆண்டுகள்தான் என்னைப் போன்றவர்களுக்கு முக்கியம்.

ஸ்டாக்குக்கு மேடைப் பேச்சு வரவில்லை. பிரசங்கம் செய்ய முடியாதவர் பாதிரியார் ஆவது கஷ்டம். வேறு வழியில் இளைஞர்களிடம் போகலாம் என்று முடிவு செய்து, 1890-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போனார். அங்கேதான் முதன்முதலாகக் கோச் ஆனார். இருந்த சில மாணவர்களை வைத்து ஓர் அணி கட்டினார். அதில் நடுவில் 'சென்டர்' ஆக நின்றவர் கனடாக்காரர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்.

ஆமாம், கூடைப்பந்தைக் கண்டுபிடித்த அதே நெய்ஸ்மித். 1891 டிசம்பரில் குளிர்காலத்துக்கு ஓர் உள்ளரங்க விளையாட்டு வேண்டும் என்று அவர் பழக்கூடைகளை மாட்டினார். 1892 மார்ச் 11 அன்று பொதுமக்கள் முன்னால் நடந்த முதல் ஆட்டத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் மோதினார்கள். மாணவர்கள் 5-1 என்று ஜெயித்தார்கள். ஆசிரியர் அணிக்கு விழுந்த அந்த ஒரே கூடையைப் போட்டவர் ஸ்டாக். கால்பந்துப் பழக்கத்தில் மாணவர்களைத் தள்ளிவிட்டு ஆடினார் என்பார்கள்.

நம் ஊருக்கும் இதில் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி க்ரோ பக் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கிறதே, அதுதான். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் போன எத்தனையோ உடற்கல்வி ஆசிரியர்கள் அங்கே படித்தவர்கள், அல்லது அங்கே படித்தவர்களிடம் படித்தவர்கள். விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பது ஓர் ஆசிரியர் வேலை என்ற எண்ணம் எங்களுக்கு அந்த வழியாகத்தான் வந்தது. அதனால் ஸ்கோர்புக் தம்பி சொன்ன கட்சியில் நான் முழு மனதோடு இருக்கிறேன்.

மிச்சிகன் ஏரிக்கரை

வாத்தியார் சார் ஸ்பிரிங்ஃபீல்டைச் சொன்னது ரொம்ப நல்லது. சிகாகோ பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ராக்ஃபெல்லர் பணத்தில் சிகாகோ பல்கலைக்கழகம் உருவானபோது அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். யேலில் ஸ்டாக்குக்குப் பாடம் எடுத்தவர். 1892-ல் பல்கலைக்கழகம் திறக்கும்போதே ஸ்டாக்கையும் கூட்டி வந்துவிட்டார். சம்பளம் 2,500 டாலர், இணைப் பேராசிரியர் பதவி, அதுவும் நிரந்தரம். விளையாட்டுக்காக ஒருவருக்கு நிரந்தரப் பேராசிரியர் நாற்காலி கொடுத்தது அதுவே முதல் தடவை.

நாற்காலி இருந்தது, அணி இல்லை. முதல் பயிற்சிக்கு வந்தவர்கள் பத்துப் பதிமூன்று பேர். ஆள் பற்றாத இடத்தில் கோச்சே இறங்கி ஆடினார். முதல் ஆட்டம் பக்கத்திலிருந்த ஹைட் பார்க் உயர்நிலைப் பள்ளியோடு. மைதானத்துக்கு நிலம் தந்தவர் கடை முதலாளி மார்ஷல் ஃபீல்ட். வேலி போட ஸ்டாக்கும் மாணவர்களும் சுத்தியலை எடுத்தார்கள்.

அங்கிருந்து பதிமூன்று ஆண்டு தள்ளி வாருங்கள். 1905 நவம்பர் 30, நன்றி நவிலும் நாள். எதிரே கோச் ஃபீல்டிங் யோஸ்ட்டின் மிச்சிகன் பல்கலைக்கழக அணி. அவர்கள் 56 ஆட்டமாகத் தோற்கவில்லை. அந்தப் பருவத்தில் மட்டும் எதிரிகளுக்கு எதிராக 495 புள்ளி எடுத்து, ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் வந்து நிற்கிறார்கள். மைதானத்தில் 25,000-க்கு மேல் கூட்டம்.

ஸ்டாக்கின் கையில் இருந்த ஆயுதம் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் வால்டர் எக்கர்சால், முக்கியமாக அவருடைய கால். முன்னேற முடியாதபோதெல்லாம் பந்தை உதைத்து மிச்சிகனை அவர்கள் கோல் கோட்டுக்கே தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டாம் பாதியில் அப்படி ஓர் உதை கோல் கோட்டைத் தாண்டி விழுந்தது. மிச்சிகனின் டென்னி கிளார்க் அதைப் பிடித்து, அங்கேயே அமர்ந்துவிடாமல் வெளியே ஓடப் பார்த்தார். சிகாகோ ஆட்கள் அவரைத் திரும்பக் கோட்டுக்குப் பின்னால் தள்ளி வீழ்த்தினார்கள். இதற்குப் பெயர் சேஃப்டி, எதிரணிக்கு இரண்டு புள்ளி. 2-0. ஆட்டம் அப்படியே முடிந்தது. பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோகும் டச்டவுன் ஒன்றுகூட இல்லாமல் ஒரு சகாப்தம் முடிந்த ஆட்டம் இது. கிளார்க்கை அந்தப் பழி ஆயுள் முழுக்கத் துரத்தியது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஸ்டாக் காலத்தில் சிகாகோ வென்ற கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) பட்டங்கள் 1899, 1905, 1907, 1908, 1913, 1922, 1924 என்று ஏழு. இன்று பிக் டென் என்று பணத்தில் புரளும் அமைப்பு 1896-ல் உருவானபோது சிகாகோ அதன் ஆரம்ப உறுப்பினர்.

கேள்விக்குறி

எக்கர்சால் பெயர் வந்துவிட்டது, அதனால் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன்.

எக்கர்சால் உள்ளே வந்தபோதே தேவையான பள்ளித் தகுதி முழுதாக இல்லை. ஆடிய வரை ஆடினார், பட்டம் வாங்காமலேயே வெளியே போனார். ஆட்டக்காரர்களுக்குத் தனிச் சாப்பாட்டு மேசை, தனிக் கவனிப்பு, பள்ளி மாணவர்களைத் தேடிப் பிடிப்பது, எல்லாமே அந்த நாற்காலியில் இருந்து நடந்தவை. ஹார்ப்பருக்குக் கால்பந்து புதுப் பல்கலைக்கழகத்தின் விளம்பரம். ஸ்டாக் அதைக் கச்சிதமாக நடத்திக் கொடுத்தார்.

1905 அதே ஆண்டுதான் நாடு முழுக்கக் கால்பந்தில் பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அதிபர் தியோடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு வரச்சொல்லிப் பேச வேண்டி வந்தது. பணம் வேண்டாம் என்று தொழில்முறை பேஸ்பாலை மறுத்தவர் ஒரு பெரும் வியாபாரத்தைக் கல்லூரிக்குள் கொண்டு வந்தார். இதை எப்படி ஆசிரியப் பணி என்கிறீர்கள்?

பழைய ஸ்கோர்புக்

கேள்வி நியாயமானது, தோழர். ஆனால் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள்.

வியாபாரம் ஸ்டாக் இல்லாவிட்டாலும் வந்திருக்கும். யேலும் ஹார்வர்டும் ஏற்கெனவே நியூயார்க்கில் பெருங்கூட்டத்துக்கு முன்னால் ஆடிக் கல்லாவை நிரப்பிக்கொண்டிருந்தன. ஸ்டாக் கேட்டு வாங்கியது வேறு. பேராசிரியர் பதவியில் இருப்பவரை நாலு ஆட்டம் தோற்றால் அனுப்ப முடியாது. அதனால்தான் 1924-க்குப் பிறகு பட்டமே இல்லாத எட்டு ஆண்டுகளும் அவர் அங்கே இருக்க முடிந்தது. இன்று கோச்சுகளுக்குக் கோடிகளில் சம்பளம், ஆனால் பாதிப் பருவத்திலேயே வெளியே அனுப்புகிறார்கள். அந்தப் பாதுகாப்பை மட்டும் யாரும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

இறப்புகள் பற்றி: விதிக் குழுவில் அவரும் இருந்தார். 1906-ல் பந்தை முன்னால் எறியும் ஃபார்வர்டு பாஸை அனுமதித்து ஆட்டத்தைத் திறந்தபோது அதை உடனே கையில் எடுத்துப் பயிற்சி கொடுத்தவர்களில் அவர் ஒருவர். ஆள் மேல் ஆள் குவிந்து நசுக்கும் ஆட்டம் அவருக்கு உவப்பானது இல்லை.

கேள்விக்குறி

எக்கர்சால் விஷயத்துக்குப் பதில் வரவில்லை, அண்ணா.

வலதுகை வேகம்

அதற்குப் பதில் இருக்காது. அவரே வகுத்த அளவுகோலில் அவரே நழுவிய இடம் அது, அப்படியே பதிவாகட்டும்.

வேறு ஒன்று. 'இதைக் கண்டுபிடித்தவர் ஸ்டாக், அதைக் கண்டுபிடித்தவர் ஸ்டாக்' என்று ஒரு நீண்ட பட்டியல் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. எதிரியைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிள் பயிற்சிக்கான பொம்மை அவருடையது, யேலில் மெத்தையைச் சுருட்டிக் கட்டிச் செய்தது. பேஸ்பால் பேட்டிங் கூண்டுக்கும் அவர் பெயரைச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஆட்டத்துக்கு நடுவே கூடி நின்று திட்டம் பேசும் ஹடில்? காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் பால் ஹப்பர்ட் என்ற குவார்ட்டர்பேக், தங்கள் சைகை மொழியை எதிரணி பார்த்துவிடக் கூடாது என்று 1890-களிலேயே ஆட்களை வட்டமாக நிற்கவைத்தார். காரணத்தோடு பிறந்த உத்தி அது. அந்தப் பெருமையை அவர்களிடமிருந்து பிடுங்கக் கூடாது.

பி.டி. வாத்தியார்

இந்தத் தம்பி சொன்னதற்கு இரண்டு கை தட்டல்.

தடகளத்தாள்

கால்பந்திலேயே நின்றுவிட்டீர்களே! சிகாகோவில் அவர் முப்பது ஆண்டுக்கு மேல் தடகளக் கோச், கிட்டத்தட்ட இருபது ஆண்டு பேஸ்பால் கோச். 1900-ல் தன் ஓட்டக்காரர்களைப் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அழைத்துப் போனார். ஒரே ஆள் ஆண்டு முழுக்க, பருவத்துக்கு ஒரு விளையாட்டு என்று கற்றுக்கொடுத்த காலம். அப்படியொரு கோச் இனிமேல் வர வழியில்லை என்று நினைக்கிறேன்.

ஸ்டெல்லாவைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். ஸ்டெல்லா ராபர்ட்சன் சிகாகோவில் மாணவி, 1894-ல் ஸ்டாக்கைத் திருமணம் செய்தவர். எதிரணி ஆட்டங்களைப் பார்த்து வரைபடம் போட்டு, குறிப்பெடுத்து, புள்ளிவிவரம் வைத்தார். இன்று அந்த வேலைக்கு ஒரு முழு அலுவலகமே இருக்கிறது. கேம்பின் மனைவியைப் பற்றி முதல் பதிவிலேயே வந்தது, இங்கேயும் அதே கதை. ஆட்டத்தைக் கூர்ந்து படித்த இந்தப் பெண்களுக்கு எந்தப் புகழ்க் கூடத்திலும் இடமில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

மிச்சிகன் ஏரிக்கரை

உண்மை, சகோதரி. ஸ்டெல்லாவின் பெயர் ஸ்டாக்கின் கடைசிக் காலம் வரை வரும்.

இப்போது பிரிவு. 1929-ல் ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் சிகாகோவின் தலைவராக வந்தார். வயது முப்பது. விளையாட்டு வியாபாரத்தில் அவருக்கு நம்பிக்கையே கிடையாது. 70 வயது ஓய்வு விதியைக் காட்டி 1932 பருவத்தோடு ஸ்டாக்கைக் கோச் பொறுப்பில் இருந்து இறக்கினார்கள். 41 பருவங்கள் முடிந்தன. மைதானத்தில் இறங்காத வேறொரு பதவியைக் கொடுக்க முன்வந்தார்கள். வேலை செய்யத் தெம்பு இருக்கும்போது சும்மா உட்கார முடியாது என்று கிளம்பிவிட்டார்.

ஹட்சின்ஸை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. நம்முடைய சுப்பிரமணியன் சந்திரசேகரை சிகாகோவுக்குக் கொண்டு வந்தவர் அவர். தோல் நிறத்தைக் காட்டி ஒரு டீன் சந்திரசேகர் வளாகத்தில் பாடம் எடுப்பதைத் தடுக்கப் பார்த்தபோது, அதைத் தள்ளிவிட்டு எடுக்கட்டும் என்று சொன்னவரும் அவர்தான். 1935-ல், ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான முதல் ஹைஸ்மன் கோப்பை சிகாகோவின் ஜே பெர்வாங்கருக்குக் கிடைத்தது. நான்கே ஆண்டில், 1939-ல், ஹட்சின்ஸ் கால்பந்தையே நிறுத்தினார். ஸ்டாக் பெயர் வைத்த, ஆள் இல்லாத ஸ்டாக் ஃபீல்ட் மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியில், மட்டையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஒரு பழைய ஆட்ட அறையில், 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மியின் குழு முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுத் தொடர்வினையை நடத்தியது. அந்த இடத்தில் இன்று நூலகமும் ஒரு வெண்கலச் சிற்பமும் இருக்கின்றன.

பழைய ஸ்கோர்புக்

கிளம்பியவர் எங்கே போனார் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரில் இருந்த சின்னக் கல்லூரி, காலேஜ் ஆஃப் தி பசிஃபிக். 1933-ல் சேர்ந்து 1946 வரை கோச். பணக்கார அணிகளோடு ஆடினால்தான் கல்லூரிக்கு வரும்படி என்பதால் பெரிய பெரிய அணிகளோடு மோதினார், நிறையத் தோற்றார். 1938-ல் தன் பையன்களோடு சிகாகோவுக்கே வந்து, தன் பெயர் வைத்த மைதானத்தில், தன் பழைய பல்கலைக்கழகத்தை 32-0 என்று வென்றார்.

1943-ல் போர்க் காலம். கடற்படைப் பயிற்சித் திட்டத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் பசிஃபிக்குக்கு வந்து சேர்ந்தார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தையும் யு.சி.எல்.ஏ.வையும் அந்தச் சின்னக் கல்லூரி தோற்கடித்தது. தென் கலிஃபோர்னியாவிடம் 6-0 என்று தடுக்கிவிட்டது. அந்த ஆண்டின் சிறந்த கோச்சாக மற்ற கோச்சுகள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 81.

கேள்விக்குறி

இந்தப் பகுதிக்கு நானும் தலை வணங்குகிறேன். சிகாகோ நாற்காலி பற்றிய என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

வெற்றிக் கணக்கு எவ்வளவு? வேறு வேறு எண்கள் கண்ணில் படுகின்றன.

வலதுகை வேகம்

பொதுவாக ஒத்துக்கொள்ளும் கணக்கு: ஸ்பிரிங்ஃபீல்டில் 10 வெற்றி, 11 தோல்வி, 1 சமன். சிகாகோவில் 244, 111, 27. பசிஃபிக்கில் 60, 77, 7. கூட்டினால் 314 வெற்றி, 199 தோல்வி, 35 சமன். அலபாமாவின் கோச் பேர் பிரயண்ட் 1981 நவம்பரில் ஆபர்னை வென்று 315-ஐ எட்டும்வரை இதுதான் எல்லாரும் துரத்திய எண்.

குழப்பம் வருவது பசிஃபிக்குக்குப் பிந்திய ஆறு ஆண்டுகளில். 1947 முதல் 1952 வரை பென்சில்வேனியாவில் சஸ்குவஹானா கல்லூரியில் மகன் ஸ்டாக் ஜூனியரோடு சேர்ந்து பயிற்சி கொடுத்தார். 1951-ல் அங்கே தோல்வியே இல்லாத பருவம். பதவி மகன் பேரில் இருந்ததால் அந்த வெற்றிகள் அப்பாவின் கணக்கில் சேர்வதில்லை. பிரயண்ட் நெருங்கியபோது இவற்றையும் சேர்க்க வேண்டும் என்று வாதாடியவர்கள் உண்டு. எனக்கு அது தேவையில்லை என்றே படுகிறது.

தடகளத்தாள்

அங்கிருந்து அவர் ஏன் திரும்பினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்டெல்லாவுக்கு உடல்நிலை சரியில்லை, ஆண்டுதோறும் நாட்டின் மறுகோடிக்குப் பயணம் செய்ய முடியவில்லை. அதனால் ஸ்டாக்டனிலேயே தங்கி, உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரிப் பையன்களுக்குப் பந்தை உதைக்கச் சொல்லிக்கொடுத்தார். 1960-ல், 98 வயதில்தான் அதை விட்டார். ஸ்டெல்லா 1964-ல் போனார், அவர் 1965 மார்ச் 17-ல், 102 வயதில்.

பி.டி. வாத்தியார்

கால்பந்துப் புகழ்க் கூடத்தில் 1951-ன் முதல் தொகுதியிலேயே ஆட்டக்காரர், கோச் என்று இரண்டு வகையிலும் அவர் பெயர் உண்டு. 1959-ல் கூடைப்பந்துப் புகழ்க் கூடத்தின் முதல் தொகுதியிலும் சேர்த்தார்கள். உதவித்தொகை கொடுத்து ஆள் பிடிக்காத மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளின் இறுதிப் போட்டிக்கு 1973-ல் இருந்து ஸ்டாக் பவுல் என்று பெயர். கேள்விக்குறி தம்பி அடுத்து எக்கர்சாலுக்கு என்று தனி இழை தொடங்கினால் நானும் வருகிறேன். சிகாகோ பையன்களுக்கு அன்றைக்கு என்ன பாடத்திட்டம் இருந்தது என்பதில் இருந்தே ஆரம்பிக்கலாம்.